நிலாவில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்

அக்கா,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நாற்காலி போதவில்லை என்றாலும், நாளை ஒத்திகைக்கு வர முடியாது என்றாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உங்கள் கருவிப்பெட்டிமேல் வைத்துவிட்டு நழுவிவிடுவேன். "ஏய் டிகிரி! நான் என்ன ஆபீசா, மனு போடுற? வாயத் தொறந்து சொல்லு லா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்துவீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவேன். இன்றும் எழுதத்தான் செய்கிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்துக்காரர் துண்டுப்பிரசுரக் கட்டுகளைத் தெப்ராவில் என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கட்டை என் பைக்குள் வைக்க இடம் ஒதுக்கியபோது, பக்கவாட்டு அறையின் அடியில் ஏதோ விரலில் ஒட்டியது. வெளியே எடுத்தேன். கோலிக்குண்டு அளவுக்குச் சுருண்ட சிவப்பு டேப். முடியும் தூசியும் பிடித்துக் கறுத்திருந்தது. எப்போதோ குப்பையில் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். பதினொரு மாதமாக அது என்னோடு பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பிரசுரத்தின் அட்டையில், கம்பியில் தொங்கும் நம் மேடை நிலா இருக்கிறது. வெள்ளிப் பூச்சில் பிறைவடிவம், கண், மூக்கு, சிரிப்பு. 'இந்த ஆண்டு குடும்பத்தோடு வாருங்கள்' என்று மேலே போட்டிருக்கிறது. உள்ளே மூன்று நாடகங்கள். ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் ஒரே குளியலறை இருப்பதைப் பற்றிய நகைச்சுவை. அம்மா சமைக்க மறுக்கும் ஒருநாள் கதை. எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளி விடுமுறையில், 'நிலா வாடகைக்கு' என்ற பாட்டு நாடகம். ஒரு சிறுமி நிலாவை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அதில் உட்கார்ந்து வானத்துக்குப் போகிறாள். கதைச் சுருக்கத்தை நான்தான் எழுதினேன். 'குழந்தைகள் கைதட்டி மகிழ்வார்கள்' என்று முடித்திருக்கிறேன்.

அந்த வரியை இன்று படித்ததும் பிரசுரத்தை மூடிக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

நான் நம் நாடகக் குழுவுக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? தம்போயில் இருக்கும் பழைய பேட்மிண்டன் மண்டபத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போகவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. நீங்கள் சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் சட்டை, கையெல்லாம் கிரீஸ். "நடிக்க வந்தியா?" என்றீர்கள். இல்லையென்று தலையை ஆட்டினேன். "பாடவா?" மறுபடி ஆட்டினேன். "அலமாக், பின்ன எதுக்கு லா வந்த, சாமி கும்பிடவா?" சிரித்துவிட்டேன். அன்றைக்கே என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தந்தீர்கள். "இவளுக்குன்னே செஞ்ச வேலை. ஆளும் தெரியாது, சத்தமும் வராது."

ரெங்கம் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கியவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். அன்றிலிருந்து உங்களுக்கு நான் டிகிரி. அப்பா என் பட்டமளிப்புப் படத்தை வாசலுக்கு நேராக மாட்டி வைத்திருப்பதைக் கேட்டுவிட்டு, "அந்தப் படமாச்சும் வாயத் தொறந்து சிரிக்குதா?" என்றீர்கள். இல்லை, அக்கா. அதிலும் வாய் மூடித்தான் இருக்கிறது.

நம் மண்டபத்தில் மஞ்சள் டேப் நடிகர்கள் நிற்கும் இடத்துக்கு. வெள்ளை டேப் பொருள்கள் வைக்கும் இடத்துக்கு. சிவப்பு டேப், மேடைக் கருவிகளைக் கவனித்துக்கொண்ட உங்களுடையது. சிவப்பு ஒட்டிய பொருளை யாரும் தொடக்கூடாது. ஒட்டியவர்தான் பிரிக்க வேண்டும், வேறு யாரும் பிரிக்கக் கூடாது. இயக்குநர் சார்லஸ் அண்ணன்கூட அதற்குக் கட்டுப்பட்டார். "ஏணியில செவப்பு ஒட்டிட்டா, நான் எப்படி லைட்டு மாத்துறது?" என்று அவர் ஒருநாள் கோபப்பட்டபோது, "பறந்து போய் மாத்துங்கண்ணே" என்றீர்கள்.

நீங்கள் பொருள்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். நிலாவை மேலே தூக்கும் வின்ச்சின் கைப்பிடியை யாரையாவது சுற்றச் சொல்லிவிட்டு, அது பொருத்தியிருக்கும் தூணில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பீர்கள். லிப்ட் வேலையில் வந்த பழக்கம் என்றீர்கள். கீச்சென்ற கீல் ஒன்றுக்கு நான் எண்ணெய் கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "எண்ணெய ஊத்தி அதோட வாய அடைக்காத. என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளு."

அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் நிலாவின் வலது பக்கக் கம்பிக்குக் கீழே சிவப்பு டேப் ஒட்டினீர்கள். மழைச்சட்டையைக் கழற்றாமலே இருந்தீர்கள், உடம்பு நடுங்கியது. "என்னக்கா ஆச்சு நிலாவுக்கு?" என்று கேட்டேன். "சரியில்ல. வெள்ளிக்கெழம பிரிச்சுப் பாக்குறேன். தல வலிக்குது டிகிரி, அப்புறம் சொல்றேன்."

அப்புறம் என்பது வரவேயில்லை.

மறுநாள் மாலை புகைப்படக்காரர் வந்தார். குழுவின் விளம்பரப் படங்களுக்கு நான் பொறுப்பு. நிலாவைப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, மூஞ்சில ரத்தம் மாதிரி இருக்கு. எடுத்துடுங்க" என்றார். சிவப்பைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டேப்பை உரித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். பிறகு, 'அக்கா, படத்துக்காக டேப் எடுத்தேன், நீங்கள் வந்ததும் ஒட்டிவிடுங்கள்' என்று எழுதி உங்கள் பெட்டிமேல் வைத்தேன். ஒட்டியவர்தான் பிரிக்கலாம் என்ற விதியை மீறியாயிற்று, ஒட்டுவதையாவது உங்களுக்கு விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். அதை ஏதோ மரியாதை என்று நம்பினேன்.

அன்று இரவே உங்களை டெங்கி வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது முறை பார்க்க வந்தபோது உங்கள் உதடு வெடித்திருந்தது. மற்றவர்கள் வெளியே போன பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். கை சுட்டது. "நிலாவுல டேப்பு இருக்குல்ல?"

"இருக்குக்கா" என்றேன்.

தயங்காமல் சொன்னேன். வாழ்க்கையில் நான் தயங்காமல் சொன்ன மிகச் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நோயில் இருப்பவரை அலைக்கழிக்க வேண்டாம், போகும் வழியில் ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெளியே மழை. மண்டபச் சாவி சார்லஸ் அண்ணனிடம் இருந்தது. கேட்டால் ஏன் என்பார். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று பேருந்து ஏறினேன். அதற்கடுத்த சில நாள்களில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். நிலாவை யாரோ துணி போட்டு மூடி மூலையில் வைத்தார்கள். மூடியே இருக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கூட்டம் நடந்தது. குறிப்பெடுத்தவள் நான். சார்லஸ் அண்ணன் துணியை விலக்கி நிலாவைச் சுற்றிவந்து பார்த்தார். "எங்கயாச்சும் செவப்பு இருக்கா பாருங்க. இல்லல்ல? அவ ஒட்டலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். அவ கண்ணுக்குத் தப்புமா?" எல்லோரும் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பேனா ஓடிக்கொண்டிருந்தது. 'நிலா பயன்படுத்தத் தகுந்தது' என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

அன்று எல்லோரும் போன பிறகு உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் காகிதத் துண்டு ஸ்பேனர்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தது. மடித்த மடிப்புப் பிரியவே இல்லை.

நிலாவில் உட்காரப் போகிறவள் ஆயிஷா. மண்டபத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பஷீர் பாயின் கடைசி மகள், ஏழு வயது. ஒத்திகைக்குப் பாய் நமக்கெல்லாம் தே தாரிக் டீ கட்டிக்கொண்டு வரும்போது அவளும் கூடவே வருவாளே, அதே பிள்ளைதான். இப்போது முன்பல் இரண்டும் இல்லை. "அக்கா, நான் மேல போறப்ப நீங்க கீழ நின்னு பாப்பீங்களா?" என்று கேட்டாள். "பயமா இருக்கா?" என்றேன். "எனக்கு இல்ல. உங்க மூஞ்சிதான் பயமா இருக்கு" என்றாள்.

போன சனிக்கிழமை மூன்று அரிசி மூட்டைகளை நிலாவில் வைத்து ஏற்றிப் பார்த்தார்கள். சார்லஸ் அண்ணன்தான் கைப்பிடியைச் சுற்றினார். நான் தூணுக்குப் பின்னால் போய் உங்களைப் போலவே காதை ஒட்டினேன். ஏழு, எட்டு, ஒன்பதாவது சுற்றில் உள்ளே 'டக்' என்றது. விரல் நெட்டி முறிப்பது போல அவ்வளவு சின்னச் சத்தம். மூட்டைகள் மேலே போய்ச் சேர்ந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கும்போது அதே இடத்தில் மறுபடி 'டக்'.

"அண்ணே, ஏதோ சத்தம் கேட்டிச்சு" என்றேன்.

"என்னாம்மா?"

"சத்தம்..."

"ஃபேன் சத்தம் லா அது. எத்தன தடவ சொல்லிட்டேன் மாத்தணும்னு."

வீட்டுக்குப் போய்க் குழுவின் வாட்சாப்பில் எழுதினேன். மறுபடியும் எழுத்துதான். 'நிலாவில் ஒரு சத்தம் வருகிறது. ஏற்றும் முன் யாராவது பார்க்க முடியுமா?' கட்டைவிரல் படம் நான்கு வந்தது. யாரோ சிரிக்கும் நிலா ஒன்றை அனுப்பினார். புதன்கிழமை சார்லஸ் அண்ணன் பதில் போட்டார்: 'எண்ணெய் போட்டாச்சு. இப்போ சத்தமே இல்லை.'

நேற்று வேலை முடிந்ததும் நேராக மண்டபத்துக்குப் போனேன். மேடையில் பலகை அடித்துக்கொண்டிருந்தவரைக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லிவிட்டுக் காதை வைத்தேன். ஒன்பதாவது சுற்று வந்தது, போனது. ஒன்றுமில்லை. அந்தத் தூணுக்குள் அப்படி ஓர் அமைதி. வெறும் நிலாவை ஏற்றியதால் சத்தம் வரவில்லையா, எண்ணெயால் வரவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அன்று என்ன கேட்டீர்கள் என்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். அதை நிறுத்தி வைக்கும் அளவுக்கு நீங்கள் எதையோ கேட்டிருக்கிறீர்கள். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இன்று டேப் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே பஷீர் பாயைக் கைப்பேசியில் அழைத்தேன். கடை இரைச்சலுக்கு நடுவே, "சொல்லும்மா, என்ன விஷயம்?" என்றார். பின்னால் ஆயிஷா அந்த நிலாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. "பாய்..." என்றேன். "நாளைக்கி அவ வாப்பும்மா, சின்னம்மா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேம்மா. பிள்ளை மேல போறதப் பாக்கணுமாம். நீ என்ன சொல்ல வந்த?"

"பிரசுரம் வந்துருச்சு பாய்" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டேன்.

நாளை மூன்று மணிக்கு அவளை முதன்முறையாக ஏற்றுகிறார்கள். இரண்டரைக்கே நான் அங்கே இருப்பேன். புது சிவப்பு டேப் ஒன்று வாங்கிவிட்டேன். அதே இடத்தில், வலது கம்பிக்குக் கீழே ஒட்டுவேன். ஒட்டினால் யார் ஒட்டியது என்பார்கள். நான் என்பேன். உனக்கு என்ன தெரியும் என்பார்கள். அப்போது அதைச் சொல்லியாக வேண்டும். 'டேப்பை நான்தான் எடுத்தேன்.' அவ்வளவுதான், மூன்று வார்த்தை. நீங்கள் நல்லது என்று விட்டுப்போனதாக அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் நிலாவை, நீங்கள் வேண்டாம் என்று நிறுத்தியதையும், நான் உங்களிடம் பொய் சொன்னதையும் அதற்குப் பிறகு சொல்ல வேண்டும். பிறகு யாரும் என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவிடாமல் போகலாம். போகட்டும்.

அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் குரலில்தான் வந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும், சபைக்குக் கேட்காத குரல். இன்னும் உரக்கச் சொன்னேன். வெளியே கை கழுவிக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா, உள்ளே என்ன ஆயிற்று என்று கதவைத் தட்டினார். அவ்வளவு சத்தம் போதும் என்று நினைக்கிறேன்.

பழைய டேப் உருண்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளையும் அது என்னோடுதான் வரும். மன்னிப்பு கேட்கத்தான் இத்தனையும் எழுதுகிறேன் என்று இவ்வளவு நேரம் நினைத்தேன். அது இல்லை. மன்னிப்பைப் பிறகு எப்போதாவது கேட்கிறேன்.

பாய் எல்லா இடத்துக்கும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார். சனிக்கிழமை பேருந்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். என் வாயிலிருந்து முதல் வார்த்தை வர எவ்வளவு நேரமாகும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். நாளை நான் உள்ளே நுழையும்போது ஆயிஷா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தால், சார்லஸ் அண்ணன் சுற்றத் தொடங்கியிருந்தால், நான் வாயைத் திறக்கும்வரை, அதுவரைக்கும் மட்டும், அந்த வலது பக்கக் கம்பியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அக்கா.