பத்திரிகையில் யார் பெயர்

தாராவி
3-12-1964

மகன் நெல்லையப்பனுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கவில்லை. சுவரெல்லாம் உன் நாடக நோட்டீஸ் சிரிக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் மகள் ஆறுமுகத்தாய்க்குத் தை மாதம் கல்யாணம் என்று எழுதினேன். வருகிறேன் என்று ஒரு வரி இல்லை. உன் பதிலெல்லாம் மகனைப் பற்றித்தான்.

மாட்டுங்காவில் உன் நாடகம் முடிந்ததும் அவன் வரிசையில் நின்று உன்னிடம் கையெழுத்துக் கேட்டான். தம்பி பேர் என்ன என்றாய். ராசா என்றான். அன்பு ரசிகர் ராசாவுக்கு என்று எழுதிக் கொடுத்தாய். பெற்ற பிள்ளைக்கு! தாத்தா பேரைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்குமே என்று இப்போது எனக்கு எழுதுகிறாய். உன் அப்பா பேரை அவனுக்கு வைத்தவன் நீ. கட்டினவர் பேரை நான் சொல்வேனா? மாமனார் பேரை உன் பெண்டாட்டி சொர்ணம்தான் சொல்வாளா? தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வீட்டில் அவன் ராசாதான். வீட்டில் இருந்தவனுக்குத் தெரியும். அது போகட்டும், பேர் எதற்கடா? உன் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டுதானே எதிரில் நின்றான்?

இப்போது கேள். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன ராசா, சொர்ணம்மாள் மகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். உன் பேரே இல்லை. அச்சாபீஸ் ஷாகுல் ஹமீது பாய் பதறிப்போய் என்னிடம் வந்தார். செத்துப்போன தகப்பன் பேரைக்கூடப் போடுவார்களே ஆச்சி, இவர் எங்கள் கடைக் காலண்டரிலேயே இருக்கிறாரே என்றார். எனக்கு மானம் போயிற்று. ஆறுமுகத்தாயாவது தம்பியைத் திட்டுவாள் என்று பார்த்தால், அவன் எழுதினதில் என்ன தப்பு என்கிறாள். உன்னை யாரும் குறை சொல்லப் பொறுக்காத சொர்ணம்கூட அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

நான்தான் அச்சை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறதானால் உடனே தந்தி அடி, உன் பேரைப் போடச் சொல்கிறேன். பட்டுச்சேலையை அனுப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. மாலை தூக்கும் கூட்டத்தையும் இழுத்து வராதே. பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பன் ஒருத்தன் போதும். தந்தி வராவிட்டால் பிள்ளை எழுதினபடியே அச்சாகட்டும். நான் மறிக்க மாட்டேன்.

வண்டியில் ஜன்னலோரம் உட்காராதே. பனிக்காற்று உன் தொண்டைக்கு ஆகாது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள். நன்றாக இரு.

உன் அம்மா
மீனாட்சியம்மாள்