மாடிக்குப் போகும் ஒயர்

15.11.99
போன் லைனில் இன்டர்நெட் இழுக்கும் மோடம் பெட்டியில், வேகம் ஐம்பத்தாறாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. திரையில் வருவதோ பதினான்காயிரம். அமெரிக்க டாக்டர் பேசிய ஒலிக்கோப்பு இறங்குவதற்குள் சமையலே முடிந்துவிட்டது. அதைக் கேட்டு, டைப் அடித்து, மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். தேனாம்பேட்டை ஆபீஸிலிருந்து கீர்த்தி போன் செய்தாள். "மேடம், இன்னொரு வாட்டி லேட் ஆச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

எனக்கென்று கிடைத்த முதல் வேலை. விடமாட்டேன்.

16.11.99
மோடத்தை டி.வி. பக்கத்திலிருந்து நகர்த்தினேன். புது கேபிள் வாங்கினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். எல்லாம் தண்டம்.

17.11.99
மழை. ஒன்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது. போதாததற்கு மாடியில் மன்னி ரிசீவரை எடுத்தாள், இணைப்பே போயிற்று.

பாகம் பிரித்தபோது வீட்டைப் பிரித்தார்கள், போனைப் பிரிக்கவில்லை. இங்கிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக மாடிக்குப் போகிறது. என் வீட்டுக்காரருக்கும் மாடியில் இருக்கும் அவர் அண்ணாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மஸ்கட்டிலிருந்து ஸ்ரீஹரி கூப்பிடுவானே, போனுக்கு உயிர் இருக்கிறதா என்று மன்னி நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்ப்பாள். பெற்றவள், என்ன சொல்ல?

18.11.99
மன்னி கபாலி கோயிலுக்குப் போன சமயம் மாடி ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். நாற்பத்தைந்தாயிரம்! ஜன்னலுக்கு வெளியே ஒட்டுப் போட்ட இடம் பச்சை பூத்து, மழையில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் புது ஒயர் போட்டாலும் மன்னி ரிசீவரை எடுக்காமல் இருப்பாளா?

கோப்பு போனதும் பழையபடி மாட்டிவிட்டேன். திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. இவரிடம் சொன்னால், "ஒரேயடியா அத்து விடு" என்கிறார். சாக்குக் கிடைத்த சந்தோஷம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

19.11.99
நானே மாடிக்குப் போனேன். "மன்னி, நான் வேலை பண்றச்சே மட்டும் மேல ஒயரைக் கழட்டிக்கறேன். உங்ககிட்ட சொல்லிட்டுதான்."

"ஸ்ரீஹரி கூப்பிட்டா?"

"ஓடி வந்து சொல்றேன் மன்னி."

மன்னி தலையாட்டினாள். உள்ளேயிருந்து அண்ணாவின் குரல் மட்டும் வந்தது: "அவா போன் நமக்கு வேண்டாம்."

20.11.99
ஒயர் ஜன்னலில் தொங்குகிறது. மாடியிலிருந்து அண்ணாவே அறுத்துவிட்டார்.

22.11.99
நாற்பத்தைந்தாயிரம். கோப்பெல்லாம் நேரத்துக்குப் போகிறது. கீர்த்தி பாராட்டினாள். இருக்கட்டும். மன்னி மாடிப்படியில் என்னைப் பார்க்காமல் போகிறாள்.

3.12.99, வெள்ளி
சாயங்காலம் கோப்பை அனுப்ப உட்காரும்போது போன் அடித்தது. இவர் எடுத்தார். ஸ்ரீஹரி. இவர் என்னைப் பார்த்தார், நான் எழுந்திருப்பேன் என்று. நான் நாற்காலியை விட்டு நகரவில்லை.

ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு மாடிப்படி வரை போனார். முதல் படியில் கால் வைத்து எடுத்தார். பிறகு கத்தினார்: "அண்ணா! ஸ்ரீஹரி லைன்ல இருக்கான், சீக்கிரம் வா!"

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பேசி முடித்த பிறகும் மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவரும் அண்ணாவும் மழையைப் பற்றி ஏதோ பேசினார்கள். கோப்பு அனுப்ப வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

கோப்பு லேட். கீர்த்தியிடம் லைன் சரியில்லை என்றேன்.