ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தவன்

3.1.2008, வியாழன்

பனி. மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை, ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. டெய்லரிடம் ரவிக்கை.

ஆபீஸ் விட்டதும் பிரவுசிங் சென்டர். வலைப்பூவில் புதுப் பதிவு. புனைபெயரில்தான். மனநோய் உள்ள வீட்டைப் பற்றி யாராவது வெளிப்படையாக எழுதட்டுமே என்றுதான் ஆரம்பித்தேன். படிப்பவர்கள் கொஞ்சம் பேர், பாதி வெளிநாட்டில்.

இன்று எழுதியது தம்பி அமலைப் பற்றி. போன வருஷப் புத்தாண்டு. இரவுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருக்க, பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. இவன் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டம். புதுச் சட்டையோடு மீன்காரர்களின் ஐஸ் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். "சரக்கு ஓவரா?" என்று யாரோ கேட்டார்கள். அம்மா, "ஆமா நைனா." அன்றிலிருந்து ஊருக்கு அவன் குடிகாரன். ஒரு சொட்டு தொட்டதில்லை. குடி என்றால் யாரும் மேலே கேட்பதில்லை, எங்களுக்கும் சௌகரியம்.

ஸ்கிசோஃப்ரினியா. முதல்முறையாக முழுசாக டைப் செய்தேன். அவன் பெயரை முருகன் என்று மாற்றினேன். ஊர் பெயர் போடவில்லை.

4.1, வெள்ளி

பின்னூட்டங்கள். கனடாவிலிருந்து ஒருவர் அழுதாராம். சிங்கப்பூர்ப் பெண் மாத்திரை பெயர் கேட்கிறாள். பெயர் போடாத ஒன்று:

"மேடம், இது காசிமேடு ஐஸ் கம்பெனில எடை போடுற அமல் அண்ணன்தானே? நான் அந்தத் தொட்டிகிட்டதான் நின்னுகினு இருந்தேன்."

ஐஸ் தொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம். பதிவை எழுதியவளாக இல்லாமல், யாரோ மாதிரி மறுபடி படித்தேன். தெருவில் எந்தக் குழந்தையும் கண்டுபிடிக்கும்.

அந்தப் பின்னூட்டத்தை அனுமதிக்கவில்லை. அந்த ஆளின் வாயை என்ன செய்வது? ரவிக்கை தைத்தாகவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

5.1, சனி

மத்தியானத்துக்கு முன்பே அமல் வேலையிலிருந்து வந்துவிட்டான். கூடவே ஐஸ் கம்பெனி மேஸ்திரி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. பசங்க நீ எழுதுனத்த பிரிண்ட் எட்த்தாந்து படிச்சிட்டானுங்க. குடிக்கிற ஆளுன்னா எப்ப தெளிவான்னு நமக்குத் தெரியும். இது வேற மாரி கீது. கத்தி, கொக்கி, மிஷினுன்னு கெடக்குற எடம். கொஞ்ச நாள் வூட்ல இருக்கட்டும்."

"ஒன்பது வருஷமா உங்ககிட்டதானே வேலை செய்றான்?"

"அப்ப இது தெரியாது. போன வருசமும் குடிகாரன்னுதான நெனச்சுகினு இருந்தோம்."

காபி குடிக்காமல் போனார்.

அமல் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா எழுதுன? படி."

பிரதி வைத்திருந்தேன். படித்தேன். தரையைப் பார்த்துக் கேட்டான்.

"முருகனா? என்னிய மதம் மாத்திட்டியே."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"குடிகாரன்னு சொன்னப்பவும் என்னியக் கேக்கல. இத்த எழுதுறப்பவும் கேக்கல."

அடுப்படிக்குப் போனேன். சாதம் குழைந்துவிட்டது.

6.1, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் ஒன்றும் மனதில் ஏறவில்லை. வாசலில் லூர்து ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி ஸ்டெல்லா, ஒரு வருசமா அவன் குடிய வுடணும்னு ஜெபம் பண்ணினு கீறேன். எல்லாம் வேஸ்ட்டா?" உண்மையிலேயே வருத்தம், ஜெபத்துக்கு.

பதிவை எடுத்துவிடலாம். பாதி ராயபுரம் படித்தாயிற்று, எடுத்து என்ன? வைத்தால் அவன் வேலை போகும். எடுத்தால் மட்டும் வருமா? கனடாக்காரர் அழுதது எனக்கு எதற்கு. துணி மடித்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன்.

சாயந்திரம் அமலிடம் சொன்னேன், எடுத்துடறேன் என்று.

"எட்த்தா, மறுபடி குடிகாரனா? நாளைக்கு என்னியும் இட்டுனு போ அங்க."

7.1, திங்கள்

அரை நாள் லீவ். பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலியில் அமல். தமிழ் எப்படி அடிப்பது என்று காட்டினேன். ஒற்றை விரல். உதவ விடவில்லை.

"நான் தான் அந்த தம்பி. பேர் அமல். குடிப்பது இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். ஐஸ் கம்பெனி கொக்கி கத்தி எல்லாம் ஒன்பது வருஷமாக என் கையில் தான் இருக்கிறது. யாருக்கும் கீறல் இல்லை. முருகன் என்று போட்டதை மாற்றவும்."

அனுப்பினான். அது என் பக்கத்துக்கு வந்து என் அனுமதிக்காகக் காத்து நின்றது. இரண்டு பொத்தான்கள்: வெளியிடு, நீக்கு. இந்தப் பெயர் வெளியே போனால் திரும்பி வராது. மவுஸ் கையில், அழுத்தவில்லை.

திரையைப் பார்த்தான். "இதுக்கும் நீதான் ஓகே சொல்லணுமா?"

அழுத்தினேன். பதிவில் முருகன் வந்த இடமெல்லாம் அமல் என்று மாற்றினேன். கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றை விட்டுவிட்டேன், தொட்டுக் காட்டினான்.

பிறகு எழுந்தான். பையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. ஐஸ் கம்பெனிக்காம்.

"கூட வரட்டுமா?"

"வேணாம். அங்க வந்தும் எதுனா எழுதுவ."