பேயைக் கெடுத்த இரண்டாம் பாகம்

ஜூன் 7, சனி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஸ்கூல் சாரியைப் போட்டிருக்கிறேன், திங்கட்கிழமை புகை மணக்கப் போகிறது. திருத்த வேண்டிய தரம் 4 பிள்ளைகளின் கொப்பிகள் 31. திருத்தியவை 6.

காரணம்: 'விளக்குக்காரி' இரண்டாம் பாகம் இறங்கி முடிந்தது! டேட்டா மூன்று நாள் இழுத்தது. என் பிறந்தநாளுக்குத் தோழி ஸ்டெல்லா ஜப்பானிலிருந்து அனுப்பிய கேம். யார் என்ன சொல்கிறார்கள் என்று எங்கும் பார்க்காமல் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

உண்மைப் பெயர் நீளமான ஜப்பானியப் பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் அது விளக்குக்காரிதான். முதல் பாகத்தை (இனி வி.1) இதே பழைய லெப்டொப்பில், இதே தோட்டத்து லயத்து அறையில், ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து விளையாடி முடித்தோம். ஆள் இல்லாத மலை ஊர், அதற்குள் மாட்டிக்கொண்ட ஐந்து பேர். அவர்களை நாம் கூட்டிப் போக வேண்டும். விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் அவள், அந்தப் பேய், வருவாள். முகம் கடைசி வரை தெரியாது, காலடிச் சத்தம் மட்டும். செத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள். சுரங்கத்தில் தபால்காரர் தன் விளக்கை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு இருட்டில் நின்றபோது ஸ்டெல்லா விக்கி விக்கி அழுதாள். பின்னால் இருந்து பார்த்த அம்மா ஒரு வாரம் தனியாகப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை.

அந்தப் பைத்தியத்தில்தான் இருவரும் ஹட்டனில் ஜப்பானிய வகுப்புக்குச் சேர்ந்தோம். அவள் பாஸ். முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, போய் ஐந்து மாதம். நான் ஃபெயில். ஞாயிறுதோறும் இன்னும் போகிறேன்.

நாளை வகுப்பு முடிந்து வந்ததும் தொடக்கம். கொப்பிகள் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

முகத்தைக் காட்டிவிட்டார்கள்.

பத்தாவது நிமிடம்! கதவு திறக்கிறது, பளிச்சென்று வெளிச்சம், நிற்கிறாள். சினிமா நடிகை மாதிரி முகம், உதட்டில் சாயம், தலையில் பூ. பகடி வேறு பேசுகிறாள்.

போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை நிறுத்தினாள். "என்னாடி இது, பேயி பல்ல காட்டிக்கிட்டு நிக்கிது? கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி."

"அதாம்மா விளக்குக்காரி."

"இவளா? இவளுக்கா நான் பயந்து கெடந்தேன்?"

அம்மா போஞ்சிக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் வயிறு எரிகிறது. எண்ணெய் தீர்வதே இல்லை. வழியெல்லாம் பீப்பாய் பீப்பாயாக வைத்திருக்கிறார்கள். சண்டை வந்தால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு நான் தேநீர் ஊற்றி வரலாம், அதுவே அடித்து முடித்து வைக்கிறது.

ஸ்டெல்லாவின் குரல் செய்தி: "எப்பிடிடி இருக்கு? சொல்லு சொல்லு!"

'சூப்பர்' என்று எழுதி அனுப்பினேன். அவள் வேலைசெய்த காசு. வேறு என்ன சொல்ல.

ஜூன் 10, செவ்வாய், போயா

பௌர்ணமி லீவு. மழை விட்டு விட்டு. டவுனில் போசன் தன்சல், இலவசச் சாப்பாடு வாங்க நீள வரிசை என்று அம்மா வந்து சொன்னாள். நான் நகரவில்லை. காலை எட்டு மணியிலிருந்து வி.2. எப்படியாவது நன்றாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

தபால்காரர் உயிரோடு இருக்கிறார்.

சுரங்கத்துக்குள் கடை போட்டிருக்கிறார். தொப்பியைத் தூக்கி, "வாங்க வாங்க, புது உடுப்பு வந்திருக்கு!" எப்படித் தப்பினார்? ஒரு வரி கிடையாது. நாங்கள் அழுத அழுகைக்கு என்ன பதில்? அவரிடம் விளக்குக்காரிக்கு நீச்சல் உடுப்புகூட வாங்கலாம். லெப்டொப்பைச் சாத்திவிட்டுப் பீலி வரை நடந்துவிட்டு வந்தேன்.

மன்னிக்க முடியாதவை:
– முகம்
– தபால்காரர்
– ஊர் ஏன் காலியானது என்பதற்கு விளக்கம்: ஏதோ மருந்துக் கம்பனி, ஏதோ ஊசி. வி.1 அதைச் சொல்லாமல் விட்டதால்தான் அவ்வளவு பயமாக இருந்தது
– பாட்டு. பயப்பட வேண்டிய இடத்தில் கிட்டார்
– நீச்சல் உடுப்பு!!

மாலை ஐந்தரைக்குக் கோயில் திருப்பத்தில் நின்று ஸ்டெல்லாவோடு பேசினேன், பேசும் அளவுக்கு அங்கேதான் சிக்னல். அவளுக்கு இரவு ஒன்பது.

"தபால்காரர் கத வருதாடி?"

"வருது. நல்லாருக்கு." நாக்கு கூசியது. "ஒனக்கு அங்க எப்பிடி?"

"இங்கயும் சூப்பர்தான். பாட்டிமாருங்க எம்மேல உசுரு."

மழை வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஸ்கூல். புகை மணம் பற்றி அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கை மட்டும் சுருக்கினார். கொப்பிகள் முடிந்தன.

வி.2வும் முடிந்தது. முடிவு: எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். விளக்குக்காரி சோறு பரிமாறுகிறாள். அவள் கொன்ற அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். பிறகு திரையில், 'மூன்றாம் பாகத்தில் சந்திப்போம்'. வெட்கம் கெட்டவர்கள்.

மாலை கோயில் திருப்பத்தில் நின்றபோது ஸ்டெல்லா கூப்பிட்டாள். "முடிஞ்சிச்சா? எப்பிடி?" சூப்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"குப்ப, ஸ்டெல்லா. சுத்தக் குப்ப. கோவிச்சிக்காத. ஞாயித்துக்கெழமையிலருந்து ஒன்கிட்ட பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்." அப்புறம் நிறுத்த முடியவில்லை. முகம், ஊசி, கிட்டார், நீச்சல் உடுப்பு. கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "எதுக்குடி எனக்கு இப்பிடி ஆத்திரம் வருது? அந்த மனுஷன் செத்தத அவனுங்களே மதிக்கல!"

அவள் சிரித்தாள். தபால்காரர் கடை போட்ட கதைக்கு மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. லைன் விட்டு விட்டு வருகிறதென்று நினைத்தேன்.

அழுதுகொண்டிருந்தாள்.

"நானும் பொய்தான்டி சொன்னேன். பாட்டிமாருங்க யாரையும் நான் பாத்ததே இல்ல."

ஜூன் 13, வெள்ளி

மனது ஆறவில்லை. நேற்று அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

கீழ்த்தளத்தில் சலவை அறை. ஐந்து மாதமாகத் தனியாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். மேல் மாடிக்குப் போக அனுமதி இல்லை. ஒப்பந்தத்தில் பராமரிப்பு வேலை என்று போட்டிருக்கிறது, வகுப்பில் நானே வாசித்தேன். மேற்பார்வை செய்கிறவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கை தட்டுவான். பேச ஆள் இல்லாமல் படித்த ஜப்பானியமே மறந்து போகிறதாம். பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில். போன முதல் நாளே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கிப் பூட்டிவிட்டான்.

ஏன் சொல்லவில்லை? அவளுடைய அம்மா பிலோமினா அத்தை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரிடமும், "எம்புள்ள ஜப்பான்ல நர்ஸு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்குக்குக்கூடத் தெரியும்.

ஒரு கேமுக்காக நான்கு நாள் கொதித்தேன். இதற்கு எவ்வளவு கொதிக்க வேண்டும்?

என் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "கை தட்டுவானா? நாயா அவ?"

ஜூன் 15, ஞாயிறு

ஹட்டன். பஸ்ஸில் நின்றே போனேன். வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டேன். கினிகத்தேனைச் சிங்களப் பெண், எட்டு வருடம் ஜப்பானில் இருந்தவர். பாதிச் சிங்களம், பாதித் தமிழ். முகம் சிவந்துவிட்டது.

"பாஸ்போர்ட் எடுத்து வைக்க ஏலாது மகள். அங்க சட்டம் அப்படி. கேட்டா குடுக்கத்தான் வேணும். வேற நாட்டு ஆக்களுக்கு உதவி செய்ய ஒவ்வொரு டவுன்லயும் ஒபிஸ் இருக்கு, போகச் சொல்லுங்க. ஸ்டெல்லாவா?"

தலையாட்டினேன். டீச்சரே ஒரு தாளில், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்க அவள் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை எழுதினார். மரியாதையான, ஆனால் வளையாத ஜப்பானியம். படம் எடுத்து அனுப்பினேன்.

ஸ்டெல்லா: "திருப்பி அனுப்பிட்டான்னா?"

"அனுப்பட்டும். இங்க ஒனக்கு வீடு இல்லையா?"

"ஒனக்கு சொல்றது லேசுடி."

உண்மை.

ஜூன் 18, புதன்

மழை. மூன்றாம் பாடவேளையில் ஃபோன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

கேட்டுவிட்டாள்! மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் பண்ணி, மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாளாம். எதற்கு என்று கேட்டிருக்கிறான். "என்னோடது, அதனால" என்றாளாம். அது தாளில் இல்லாத நான்காவது வாக்கியம். அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை மேசையில் வீசினான். எடுத்துக்கொண்டு நேரே அந்த உதவி ஒபிஸுக்குப் போயிருக்கிறாள். ஒரு அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். வேறு இல்லத்துக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க ஒரு மாதம் ஆகும். அதுவரை அதே சலவை அறை, அதே ஆள்.

"பயமா இருக்குடி. ஆனா இன்னிக்கி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்."

தன் அம்மாவிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். "நீயே சொல்லிரு. எனக்கு அவங்க கொரல கேட்டா அழுக வந்துரும்."

நான் சொல்லியனுப்பியதும் மாலை பிலோமினா அத்தை கொழுந்துப் பையோடு நேராக இங்கேயே வந்தாள். இடுப்பில் கட்டிய படங்கு ஈரம் சொட்ட வாசலில் நின்றாள். சொன்னேன். துவைக்கிற அறை, கை தட்டல், அலமாரி, எல்லாம். அம்மா கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"நர்ஸு இல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்லங்க அத்த."

பையைத் தோளில் மாட்டினாள். "நாளைக்கு பெரட்டுல நானே சொல்றேன். எம்புள்ள நர்ஸு இல்ல, துணி தொவைக்கிறான்னு. அவள கை தட்டிக் கூப்புட்டவன் ஒருத்தன் இருக்கான்னும் சொல்றேன். அவங்கிட்ட நேரா நின்னு பாஸ்போட்ட வாங்குனவ எம்புள்ளைன்னும் சொல்றேன். கண்டாக்கு காதுலயும் விழட்டும்."

குடை கொடுத்தேன். வாங்காமல் இறங்கிவிட்டாள்.