வரும் நேரம் எழுதாத தாள்

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் முதல் நினைப்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதித்தான் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. நான் சௌக்கியம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே, பிரித்துவிட்டாய் என்றால் இதோடு மடித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் தும்மினால்கூட அதற்கு அவர்தான் உன்னிடம் விளக்கம் சொல்கிறார்.

இப்போது நான் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பதறாதே, புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பத்து மாதமாக வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை நான் இங்கேதான் இருக்கிறேன், அப்பா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் கட்டிலில் கையில் இரண்டு ஊசியோடு டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிறார். கிட்னி கொஞ்சம் மந்தம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். மாத்திரையெல்லாம் கைவிட்ட பிறகுதான் இங்கே வந்தோம். தெரிந்தால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், அதற்கு நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். வீடியோவில் அவர் எப்போதும் முழுக்கைச் சட்டையில் வந்தது குளிருக்காக இல்லை, ஊசி போட்டுப் போட்டு இடது கையில் புடைத்துப்போன நரம்பை உன் கண்ணில் படாமல் மறைக்கத்தான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் தண்ணீர், காபியும் அதில் சேர்த்தி. மெஷினிலிருந்து எழுந்துவந்தால் அன்றைக்கு முழுவதும் பிழிந்துபோட்ட துணியாகக் கிடக்கிறார், மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் மனுஷனாகிறார், அதற்கடுத்த நாள் மறுபடியும் இங்கே. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் கிடைப்பதுதான் நீளமான இடைவெளி, அதைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

லீவு போட்டு வருகிறேன், மூன்று பேருமாகத் தீவுக்குப் போகலாம் என்று நீ ஆரம்பித்தபோது மூன்று நாள் என்றுதான் சொன்னாய். வெள்ளிக்கிழமை ஊசியைக் கழற்றியதும் கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடலாம், உனக்கும் ஒன்றும் தெரியவராது என்று நானும் தலையாட்டினேன். பிறகு ஒருநாள் நீ சிரித்துக்கொண்டே, அப்பாவே வாயத் தொறந்து கேட்டாரும்மா, சனியிலேருந்து புதன் வரைக்கும் அஞ்சு நாளாக்கிட்டேன் என்றாய். அதற்குள் திங்களும் வருகிறது, புதனும் வருகிறது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷன், டிரைவர்களெல்லாம் கடிகாரம் கடிகாரம் என்று கூப்பிட்ட மனுஷன், அவருக்குக் கிழமை தப்புமா. வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறதியாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அவர் பயணத்துக்கு ஒரு தாள் தயார் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். டிப்போவில் போடுவாரே, அதே மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கம் போகும் நேரம், வலது பக்கம் வரும் நேரம். துறைமுகத்துக்கு 5.40 பஸ், படகு 8.15, வெயில் படாமல் இருக்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதுகூட இருக்கிறது. இரண்டாம் நாள் காலை கடற்கரையில் இளநீர், ஆளுக்கு இரண்டு. அது அவருக்கு விஷம் மாதிரி என்று ஆஸ்பத்திரியில் தடுத்துவைத்திருக்கிறார்கள், நாக்கு ஏங்குகிறது, எழுதியாவது பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அடியில் கண்ணாடி வைத்த படகில் மீன் பார்ப்பது. நான்காம் நாள் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது. ஐந்தாம் நாளுக்கு எதிரே சும்மா இருப்பது என்று எழுதியிருக்கிறார். வலது பக்கம் முழுக்கக் காலி. வரும் நேரம் என்று தலைப்பு இருக்கிறது, கீழே ஒரு எழுத்துகூட இல்லை. என்னங்க, திரும்பற படகு எத்தனை மணிக்கு என்று கேட்டேன், அதப் பாத்துக்கலாம் என்றார். கல்யாணமான நாளிலிருந்து பாத்துக்கலாம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. நான் சொன்னால்கூட, பாத்துக்கலாம்னு சொல்றவனாலதான் பஸ் லேட்டாகுது என்று பாயக்கூடியவர்.

போன புதன்கிழமை ஊசி போடும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்தப் பெண் உன் வயசுதான், அப்பாவை வாய் நிறைய அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா, அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் தன்னோட கட்டில வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டாரே, காத்திருக்கறவங்க பாவம்னு சொல்றாரே, வேற ஆஸ்பத்திரிக்கா மாத்தறீங்க என்று கேட்டாள். டாக்டரிடம் ஓடினேன். அவர் என்னை உட்காரவைத்து, உங்க கிட்ட சொல்லிட்டதா சொன்னாரேம்மா, தெரிஞ்சுதான் மெஷின நிறுத்திடச் சொல்றார், மூணு தடவை எங்கிட்ட விவரமா பேசிட்டார், ரெண்டு தடவை மெஷின விட்டாலே தண்ணி நுரையீரல்ல ஏறும், அதுக்கப்புறம் நாங்க எதையும் உறுதியா சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷர், தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடி முன்னால் புதிதாக வாங்கிய அரைக்கால் சட்டையும் ஓலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றிருந்தார், குச்சிக் காலும் அதுவுமாக, வேறு நாளாக இருந்தால் சிரித்து வயிறு வலித்திருக்கும். கத்தினேன், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், அந்த அளவுக்குக் கத்தினேன். தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, வாரத்துல எனக்குன்னு கெடைக்கறதே நாலு நாள், அதுலயும் பாதி படுத்தே போயிடுது, இதுக்குப் பேரு இருக்கறதா என்று கேட்டார். அப்போ நான் என்றேன். தொப்பியின் ஓலையை நீவிவிட்டுக்கொண்டே, உன்ன நெனச்சுதான் பத்து மாசம் என்றார். அதற்கு நான் என்ன சொல்ல, நீயே சொல்லு.

ஹோட்டலில் மூன்று நாளுக்குத்தான் ரூம் கிடைத்தது என்று அவரிடம் ஒரு பொய் சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். ஏனென்றால் இந்த ஒரு மாதமாக அவர் குளிக்கும்போது பாடுகிறார். எனக்கு நீச்சல் தெரியாது என்று இடுப்பில் மாட்டிக்கொண்டு மிதக்கக் காற்றடிக்கும் டயர் வாங்கி வைத்திருக்கிறார். அவர் போகப்போகிறார் என்பதைவிட இவ்வளவு சந்தோஷமாகக் கிளம்புகிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, கோபம் கோபமாக வருகிறது, அந்தக் கோபத்தைக் காட்டவும் எனக்கு ஆள் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீவில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கே இரண்டு மெஷின். இந்த நர்ஸ் பெண் பேசி, திங்கள் காலைக்கும் புதன் காலைக்கும் இடம் வாங்கிவைத்திருக்கிறாள். அவருக்கு இது தெரியாது. நான் கேட்டால், அங்கயும் வந்து ஊசியா என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவார். தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நீ கேள். நீ கேட்டு அவர் இல்லை என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. அழாமல் கேள், ஒரே ஒரு தடவை கேள். சரி என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். வேண்டாம் என்றால் அப்புறம் அவரை நச்சரிக்காதே, இளநீரைக் கையில் கொடு.

மணி பதினொன்று ஆகப்போகிறது, கட்டுப் போடுகிறார்கள், அவர் தலை தெரிகிறது. அந்த இருமலுக்கு மருந்து வாங்கினாயா, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நன்றாக இரு, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இரு, என் ஆயுசும் சேர்த்து உனக்கு. மறக்காமல் ஒன்று செய், ஒரு வாரம் லீவு போதாது, ஒரு மாதம் கேள். எதற்கு என்று கேட்டால் காரணத்தை உள்ளபடி சொல்லிக் கேள், நாங்கள் உன்னிடம் மறைத்த மாதிரி மறைத்துவிடாதே. அந்த ஐந்து நாளை நான் எப்படியாவது சிரித்துக்கொண்டே கடத்திவிடுவேன். அதற்குப் பிறகு எனக்கு நீ வேண்டும்.

உன் அம்மா