கரிமூட்டையின் முதுகு

பிப்ரவரி 9
இன்று முதல் பால் பாத்திரம் கழுவும் வேலை. ஒன்பது வருஷமாக இந்தப் பண்ணை மாடுகளுக்கு முடி வெட்டிய கை, நாள் முழுக்க சோப்பு நுரையில் ஊறியது. கொட்டகையிலிருந்து முடிவெட்டும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன்தான். அக்கா புருஷன். மாமா என்று எழுத இனி கை வராது.

பிப்ரவரி 10
நடந்ததை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

வெயிலுக்கு முன் முதுகு முடியைக் குறைத்தால் மாட்டுக்குச் சூடு தணியும், பேன் அண்டாது. கரிமூட்டை என்ற பசு ஓரிடத்தில் நிற்காது. கன்னங்கரேலென்று இருப்பதால் பால் கறப்பவர்கள் வைத்த பெயர். நிற்காத மாடு என்பதால் இரண்டு பேராகச் செய்தோம். அவன் இடப்பக்கம் பெரிய மெஷினோடு, நான் வலப்பக்கம் சின்ன மெஷினோடு. மறுநாள் முதுகுத்தண்டின் மேல் தோல் வெந்து கொப்புளம். பிளேடு சூடேறியது தெரியாமல் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

"இவதான். இவளுக்கு எப்பவும் அவசரம்" என்றான். முதலாளியம்மா முன்னால், கறவைக்காரர்கள் எட்டுப் பேர் முன்னால்!

நான் பிளேடை மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தேன். பார்த்தேனா? பார்த்தேன். கை தானாகவே செய்கிற பழக்கம் அது.

அக்காவிடம் சொன்னால், "விடுடி, அவரு வாய் அப்படித்தான்" என்கிறாள். அந்த வாய்க்குத்தான் பூட்டுப் போடப் போகிறேன்.

பிப்ரவரி 12
புண்ணைப் பார்க்க மாட்டு டாக்டர் வந்தார். "முடி வேர்ல இருக்குற கறுப்பு வெந்துபோச்சு. இனிமே அந்த இடத்துல வெள்ளையாத்தான் முளைக்கும்" என்றார்.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவன் பிளேடு நாலு விரல் அகலம், என்னுடையது இரண்டு. இப்போது வீக்கத்தில் புண்ணின் ஓரம் தெரியவில்லை. முளைக்கட்டும். கறுப்பில் வெள்ளை, யாரும் மழுப்ப முடியாது.

பிப்ரவரி 13
காத்திருப்பேன். எனக்கா அவசரம்?

மார்ச் 6
பொருக்கு உதிர்கிறது. எல்லாம் யோசித்துவிட்டேன். டாக்டர் அடுத்த முறை வரும் நாளில் அதே எட்டுப் பேரையும் கூப்பிட்டு, பெரிய பிளேடை வெள்ளையின் மேல் வைப்பேன். பிறகு அவன் வார்த்தையையே திருப்பிக் கொடுப்பேன். "இவருதான். இவருக்கு எப்பவும் அவசரம்." கண்ணாடி முன் நின்று நாலு முறை சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு எதற்கு 'இவரு'? இருக்கட்டும். மரியாதையோடு சொன்னால் இன்னும் உறைக்கும்.

ஏப்ரல் 2
சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்து, "இன்னும் கோபமாம்மா?" என்று இளித்தான். இளிக்கட்டும். நல்லா இளிக்கட்டும்.

ஏப்ரல் 19
வெள்ளை தலைகாட்டிவிட்டது! வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று பார்த்தேன். ஆள் வந்ததால் அளக்க முடியவில்லை. சோறு இரண்டு தட்டு உள்ளே போனது.

ஏப்ரல் 20
இரண்டு விரல்.

ஏப்ரல் 21
பெரிய பிளேடைச் சாய்த்துப் பிடித்தாலும் இரண்டு விரல்தான் படும், இல்லையா? சாக்கில் சாம்பல் தடவி இழுத்துப் பார்த்தேன். சாய்த்தால் ஒரு பக்கம் மங்கிப் போகிறது. கரிமூட்டையின் முதுகில் இரண்டு ஓரமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. சின்ன பிளேடை வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது.

அன்றைக்கு மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவே இல்லையா நான்?

ஏப்ரல் 23
நாளை டாக்டர் வருகிறார். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதை எட்டுப் பேர் முன்னாலா சொல்வது? அவன் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

சின்ன மெஷினை யாரும் தொடவில்லை, அலமாரியிலேயே கிடந்தது. எடுத்துப் போய் வெள்ளையை ஒட்ட வெட்டிவிட்டேன். தோல் கறுப்புதான், முடிதான் காட்டிக்கொடுக்கிறது. கரிமூட்டை ஒருநாளும் இல்லாத திருநாளாக அசையாமல் நின்றது.

ஏப்ரல் 24
டாக்டர் பார்த்தார். "ஆறிடுச்சு" என்றார், போனார்.

ஏப்ரல் 25
கழுவுமிடத்துக்கு வந்தான். யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, "முடிய எடுத்தது நீதானே?" என்றான். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"அது என் மெஷின்தானோன்னு எனக்கு அன்னைக்கே பயம்மா. வாய் முந்திக்கிச்சு. கிட்டப் போய் பாக்கக்கூட தைரியம் வரல. நீ நெனச்சிருந்தா நேத்து டாக்டர் முன்னாடி வெள்ளைய அளந்து காட்டி என் மானத்த வாங்கியிருக்கலாம். மறைச்சு விட்டுட்டியே."

கண் கலங்கியிருந்தது. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 26
எட்டுப் பேரையும் அவனே கூப்பிட்டான். முதலாளியம்மாவும் நின்றார்கள். "அன்னைக்குத் தப்பு என்னோடது. இவ மேல பழியப் போட்டேன்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

இதைத்தானே கேட்டேன்? இதே இடம், இதே ஆட்கள். கறவைக்காரர் ஒருவர் என் பக்கம் பார்த்துச் சிரித்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போய்விட்டேன்.

ஜூன் 8
மெஷின் மறுபடி என் கைக்கு வந்து ஆறு வாரம். கரிமூட்டையை நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, ஆள் வருமுன் எடுத்துவிடுகிறேன். அக்கா புருஷன் இப்போதெல்லாம் ஒரு மாட்டுக்கு நாலு முறை பிளேடை மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறார்.

இன்று நான் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். அளக்க அங்கே முடி மிச்சமில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா எனக்காக இதச் செய்வே?" என்றார்.

"அது கெடக்கட்டும் மாமா" என்றேன்.