ஏழாவது சில்லு

மெத்தனால் வாடை இன்று காலையும் உன்னைக் கொண்டுவந்தது. உன் சட்டையில் எப்போதும் அதுதான் வீசும்.

பெங்களூர் ஆய்வகத்தில் முதல் நாள், நான் போனில் "பஸ்ஸு ஏறப் போறேன்" என்று ஊர்ப் பேச்சில் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாய். "ஏலே, எந்த ஊரு?" எம்.ரெட்டியபட்டி என்றேன். நீ பக்கத்துப் பாளையம்பட்டி. அன்றிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

நம் கருவி மூலக்கூறுகளை எடை பார்ப்பது. மாதிரித் திரவத்தை மின்னழுத்தம் கொடுத்து நுண்சாரலாக அதற்குள் அனுப்ப வேண்டும். கண்ணாடி ஊசி தெளித்ததில் பெரும்பகுதி வெளியிலேயே வீணானது. நீ சிலிக்கான் சில்லில் முடியைவிட மெல்லிய முனைகளைக் குடைந்தாய். "பச்சப்புள்ளைக்கு நோவு பாக்கக் குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாப் போதும்னு ஆகணும்லே" என்பாய்.

ஆறு சில்லுகள் தோற்றன. ஒவ்வொன்றிலும் திரவம் முனையில் நிற்காமல் சுற்றிலும் பரவியது. எனக்கு ஆய்வேட்டை முடிக்கும் அவசரம். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "விட்டுத் தொலைலே. நீ சாகுறவரைக்கும் இது ஓடாது."

நீ ஆறாவது சில்லைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாய். அந்த வாரமே ஊருக்குப் போனாய். போனில் நீதான் கூப்பிட்டாய். "கெளம்புமுன்ன ஏழாவதுல முனையச் சுத்தி தண்ணி ஒட்டாத பூச்சு போட்டு வச்சிருக்கேன். திங்கக்கெழம வாரேன், சேந்து பாப்போம்."

ஞாயிறு மாலை நாலுவழிச் சாலையில் உன் வண்டி மேல் லாரி ஏறிவிட்டது.

அடக்கத்துக்கு மையத்து எடுக்குமுன் உன்னைப் பெற்ற அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் செஞ்சது ஓடுச்சாய்யா?"

"இன்னும் இல்லத்தா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

நாற்பது நாள் கழித்துத்தான் உன் சில்லைத் தொட முடிந்தது. மாட்டினேன். திரவம் பரவவில்லை. முனையில் சின்னக் கூம்பாக நின்று சாரலாகப் பிரிந்தது. ஊசியில் தெளித்தபோது திரையின் பொடிக்கோட்டு இரைச்சலில் மறைந்துபோன அதே மாதிரித் திரவம், இப்போது தனிக் கோடாக எழுந்தது. "ஏலே, வந்துருச்சுலே!" என்று கத்தித் திரும்பினேன். உன் நாற்காலி காலியாக இருந்தது.

போன வாரம் அத்தாவின் கடைக்குப் போய்ச் சொன்னேன். தராசைத் துடைத்து வைத்தார். பிறகு, "அவன்ட்ட சொல்லிட்டியாய்யா?" என்றார். அவரே உன்னை அடக்கிய கபர்ஸ்தானுக்குக் கூட்டிப் போனார். நின்றேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டியது திரையில் வந்த கோட்டைப் பற்றி இல்லையே.

எல்லோர் முன்னாலும் நான் சொன்ன வார்த்தையை வீட்டில் நீ சொல்லவே இல்லை போலிருக்கிறது. திரும்பி வந்ததும் அத்தா இலை போட்டார். "அவனுக்கு நீதான்யா தைரியம் சொல்லுவியாம்ல" என்று மறுசோறு வைத்தார். தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.